பூனைக்காலியும் லாட்டரிச் சீட்டும்

சிவகாசியில் எனக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் இருபத்தேழு வருஷம் கணக்குப்பிள்ளை. தினமும் சாயங்காலம் கல்லாவில் பத்து பைசா இடித்தால்கூட, அது எங்கே போச்சு என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். நான் பி.காம். சேர்ந்தபோது, முதல் வருஷப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ''இதெல்லாம் சரி. வரவை எழுத எல்லாப் பயலுக்கும் தெரியும். செலவை எழுதுறவன்தான்டா கணக்கன்'' என்றார். அந்த மூன்று வருஷத்தில் எனக்கு உருப்படியாக மனசில் நின்ற பாடம் அது ஒன்றுதான்!

அந்த பிரஸ்ஸில் காலண்டர், டைரி, தீப்பெட்டி லேபிள் எல்லாம் அடித்தார்கள். கூடவே லாட்டரிச் சீட்டு. கேரள அரசு 1967ல் லாட்டரிக்கென்று தனித் துறையே ஆரம்பித்தது. மறு வருஷம் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடும் தொடங்கியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு லாபம், விழாவிட்டால் நாட்டுக்கு லாபம் என்கிற தோரணையில் அப்போது விளம்பரம். அதற்கப்புறம் பல மாநிலச் சீட்டுகள் சிவகாசியில் அச்சாகி, கட்டுக் கட்டாக லாரி ஏறின. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது, தெருவில் சீட்டு விற்ற ஏழைகளுக்கு அடுத்தபடியாக அடி வாங்கியவை சிவகாசி அச்சகங்கள்தான்.

சீட்டு அடிக்கிற இடத்திலேயே இருந்தவர். ஆனால், ஒரு ரூபாய்க்குக்கூட சீட்டு வாங்கினது கிடையாது. ''அச்சடிக்கிற இடத்துல நின்னு பாரு. ஒரு நம்பருக்குப் பணம். மிச்சம் அம்புட்டும் குப்பை'' என்பார். சத்தியமாகச் சொல்கிறேன்... எனக்குத் தெரிந்து லாட்டரியைப் பார்த்துச் சிரித்த ஒரே மனுஷர் அவர்தான்.

அவருக்கு அறுபதைத் தாண்டியபோது கையெழுத்து சுருங்க ஆரம்பித்தது. வரியின் தொடக்கத்தில் பெரிதாக ஆரம்பிக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகு மாதிரி ஆகிவிடும். பிறகு வலது கை கட்டைவிரல், உட்கார்ந்திருக்கும்போது தானாக உருட்ட ஆரம்பித்தது. மதுரைக்கு அழைத்துப் போனார்கள். பார்க்கின்சன். மாத்திரை தந்தார்கள். கேட்டது. நன்றாகவே கேட்டது. கை நடுக்கம் குறைந்தது, சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார், எழுத்துகூடக் கொஞ்சம் பெரிதானது. வீடே கும்பிட்டது.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், செங்கோட்டை ரயிலில் ஏறிப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, கேரள எல்லையைத் தாண்டி ஆரியங்காவில் இறங்கி, கை நிறைய லாட்டரிச் சீட்டோடு திரும்பி வந்தார். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. சேமிப்பு கரைந்தது. பெரியம்மாவின் நான்கு வளையல்கள் காணாமல் போயின. ''வயசான காலத்துல மனுஷனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு'' என்றார்கள் பிள்ளைகள். மூத்தவன் பேச்சையே நிறுத்திவிட்டான்.

புத்தி கெட்டுப்போவது என்கிறோமே... அது எந்த இடத்தில், எப்படிக் கெடுகிறது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பக்கம் நம் சென்னையில் எழுதப்பட்டது. ஆனால், நாம் லண்டனில் இருந்து தொடங்க வேண்டும்.

*

1817. லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 'நடுக்கு வாதம்' பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். ஆறே ஆறு நோயாளிகள். அதில் சில பேரை அவர் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி! ஆனாலும் அந்த நடை, அந்தக் கூன், சும்மா இருக்கும்போது வரும் அந்த நடுக்கம் என அத்தனையையும் அச்சு அசலாகப் பிடித்துவிட்டார். கூடவே ஒரு வரி எழுதி வைத்தார்: இந்த நோயில் புலன்களும் அறிவும் கெடுவதில்லை.

அந்த ஒரு வரி டாக்டர்களை ரொம்ப காலம் ஆட்டி வைத்தது. பார்க்கின்சன் என்றால் கை, கால் சமாச்சாரம், மனசுக்குச் சம்பந்தமில்லை என்றே வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் வந்த பிரெஞ்சு மேதை ஷார்கோ, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை.

மருந்து ஒரு அவரைக்குடும்பத்தில் ஒளிந்திருந்தது. 1913ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியல்காரர், ஒரு வகை மொச்சைக்கொட்டையில் இருந்து 'எல்-டோபா' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மனுஷர் சும்மா இருக்காமல் இரண்டரை கிராம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். குடலைப் பிடுங்குகிற வாந்தி! இதனால் பெரிய உபயோகம் இல்லை என்று அந்தச் சமாச்சாரம் அலமாரிக்குப் போனது.

அடுத்த காட்சி சென்னை. 1937ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம்.தாமோதரன், ஆர்.ராமசாமி என்ற இருவர், அதே எல்-டோபாவை வேறொரு விதையில் கண்டுபிடித்து, இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டார்கள். எந்த விதை தெரியுமா? நம்ம பூனைக்காலி! வேலியோரம் படர்ந்து கிடக்குமே... காயின் மேல் இருக்கும் சுணை பட்டால் உடம்பெல்லாம் பிடுங்கி எடுக்குமே, அதேதான். மொச்சையைவிடப் பூனைக்காலி விதையில் இந்தச் சரக்கு மிக அதிகம். நரம்புக்கும் ஆண்மைக்கும் என்று நாட்டு மருந்துக் கடையில் காலங்காலமாக மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பொடி அது. நரம்பு, ஆசை... இரண்டையும் ஒரே பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

தாமோதரனுக்கும் ராமசாமிக்கும் தாங்கள் எடுத்தது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. மூளையில் டோபமைன் இருக்கிறது என்பதே 1957ல்தான் தெரிந்தது. அந்த வருஷம் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். அவை காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு கல்லாகச் சமைந்துவிட்டன. பிறகு எல்-டோபாவை ஊசி மூலம் செலுத்தினார். சற்று நேரத்தில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டன!

ரெசர்பின் எங்கிருந்து வந்தது? அதுவும் நம் ஊர்ச் சரக்கு. சர்ப்பகந்தா வேர். ரத்தக்கொதிப்புக்கு அது கேட்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் எழுதியதைப் பார்த்துத்தான் உலகமே அந்த வேரைத் தேட ஆரம்பித்தது. ஆக, ஒரு இந்திய மூலிகை மூளையின் டோபமைனைக் காலி செய்கிறது, இன்னொரு இந்திய மூலிகையில் இருக்கிற சரக்கு அதை நிரப்புகிறது. நோபல் பரிசு 2000ல் கார்ல்சனுக்குப் போனது. அவர் தகுதியானவர், சந்தேகமே இல்லை. இருந்தாலும், பி.காம். படித்த புத்தி, மூலப்பொருள் சப்ளை செய்தவன் பெயரை பில்லில் தேடுகிறது!

1960ல் வியன்னாவில் ஹார்னிகிவிச், பார்க்கின்சன் வந்து இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, அங்கே டோபமைன் வற்றிப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். மறு வருஷம் பிர்க்மேயர் என்ற டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால், சில மணி நேரம்தான். 1967ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அதை வாய்வழியே, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், அதிக அளவில் கொடுத்து ஜெயித்துக் காட்டினார்.

இந்தக் கோட்சியாஸைப் பற்றி ஒரு சின்ன கிளைக்கதை. சிவகாசிக்காரர்களுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும். தீக்குச்சி மருந்தில் சேர்க்கிற சரக்குகளில் ஒன்று மாங்கனீஸ் டை ஆக்சைடு. அந்தத் தாதுவை வெட்டியெடுக்கும் சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகளை அவர் ஆராய்ந்தார். வருஷக்கணக்கில் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் பார்க்கின்சன்காரர்கள் மாதிரியே விறைத்துப்போனார்கள். அதற்கு முன்னால் ஒரு கட்டம். காரணமில்லாமல் சிரிப்பது, அழுவது, நிறுத்த முடியாமல் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருப்பது. ஊர்க்காரர்கள் அதற்கு 'மாங்கனீஸ் பைத்தியம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். உடம்பு விறைப்பதற்கும் மனசு கட்டு மீறுவதற்கும் மூளைக்குள் ஒரே வாசல் என்பதற்கு அது முதல் தடயம். ஆனால், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடயம் நியூயார்க்கில் கிடைத்தது. 1969ல் ஆலிவர் சாக்ஸ் என்ற டாக்டர், மூளைக்காய்ச்சலுக்குப் பின் பல பத்தாண்டுகள் சிலையாக உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுத்தார். அவர்கள் விழித்தார்கள், பேசினார்கள், பாடினார்கள். 1973ல் அவர் எழுதிய புத்தகம் பிறகு ராபின் வில்லியம்ஸ் நடித்து சினிமாவாகவும் வந்தது. படம் பார்த்து அழுதவர்களுக்கு விழிப்பு ஞாபகமிருக்கும். புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அடுத்த கட்டமும் தெரியும். சிலருக்கு அடங்காத பசி, சிலருக்கு அடங்காத காமம், சிலருக்கு ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வெறி. மருந்து கையை மட்டும் திறக்கவில்லை. வேறு எதையோ சேர்த்துத் திறந்துவிட்டது.

*

அது என்ன 'வேறு எதையோ'?

1954ல் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, ஒரு விசையை அழுத்தினால் அங்கே லேசாக மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். கம்பி சரியான இடத்தில் இருந்தால், எலி சோறு தண்ணீர் மறந்து விசையை அழுத்திக்கொண்டே இருந்தது. மணிக்கு ஆயிரக்கணக்கான முறை! 'இன்ப மையம்' கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்தப் பாதையில் ஓடும் ரசாயனம் டோபமைன் என்பது பிறகு தெரியவந்தது.

அதிலும் ஒரு திருத்தம் வந்தது. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் நரம்புகளைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு வந்தால் நரம்பு துள்ளும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்டால், சாறுக்குத் துள்ளாது, விளக்குக்கே துள்ளும். விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையா? டோபமைன் சட்டென்று கீழே இறங்கும். கணக்குப்பிள்ளை வேலை! எதிர்பார்த்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு. மேலே போனால் வரவு, கீழே இறங்கினால் பற்று. நாம் அனுபவத்தில் பாடம் கற்பதே அந்த வித்தியாசத்தில்தான்.

லாட்டரிச் சீட்டு அந்த விளக்கு மாதிரி. சீட்டு பையில் இருக்கும்வரை விளக்கு எரிகிறது. குலுக்கலில் விழவில்லை என்றால், டோபமைன் இறங்கி, ''முட்டாளே, காசு போச்சு'' என்று சொல்ல வேண்டும். ஒரு மாத்திரை அந்த இறக்கத்தையே இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்தால்?

2004ல் மைக்கேல் ஃபிராங்க் என்பவரின் குழு அமெரிக்காவில் இதைச் சோதித்துக் காட்டியது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் புரியாத ஜப்பானிய எழுத்துகளை ஜோடி ஜோடியாகக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில எழுத்துக்கு 'சரி' என்று அதிகம் வரும், சிலதுக்குத் 'தப்பு' என்று அதிகம் வரும். மாத்திரை போடாமல் வந்தவர்கள், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். மாத்திரை போட்டவர்கள், எது ஜெயிக்கும் என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். தோற்கிற எழுத்தைத் தவிர்ப்பதில்தான் தடுமாறினார்கள். வரவுப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது, செலவுப் பக்கத்தில் மை ஊறவில்லை!

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு வருஷம் முன்னால்தான், 2003ல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர டாக்டர்கள் 1,884 பார்க்கின்சன் நோயாளிகளின் பதிவுகளை அலசி, ஒன்பது பேர் சூதாட்டத்தில் மூழ்கிப்போயிருப்பதாக எழுதினார்கள். 2005ல் மேயோ கிளினிக் டாக்டர்கள் பதினோரு பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் புதுவகை மாத்திரைகள் சாப்பிட்டவர்கள். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் என்று பெயர்கள். 1997ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தவை. எல்-டோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். இவையோ டோபமைன் மாதிரியே வேஷம் போட்டு, நேராகப் பூட்டில் சாவியாக நுழையும்.

2010ல் டேனியல் வைன்ட்ராப் குழு வெளியிட்ட ஆய்வுதான் வாயை மூட வைத்தது. அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக 3,090 நோயாளிகள். அவர்களில் 13.6 சதவிகிதம் பேருக்கு சூதாட்டம், காமம், கடையில் கண்டதை வாங்குவது, மூக்கு முட்டத் தின்பது என்ற நாலில் ஒன்றாவது கட்டு மீறியிருந்தது. புதுவகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவிகிதம், சாப்பிடாதவர்களில் 6.9. ஏழு பேரில் ஒருவர் என்பது அபூர்வமா சொல்லுங்கள்! இது போக, சாமானைப் பிரித்துப் போட்டு அடுக்கிக்கொண்டே இருப்பவர்கள் வேறு. ரேடியோவைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். விடிந்துவிடும்.

நோயே இப்படி ஆக்குகிறதா, மருந்தா? அதற்கும் பதில் வந்தது. இன்னும் மாத்திரையே ஆரம்பிக்காத புது நோயாளிகளை, நோயில்லாத சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டு 2013ல் ஓர் ஆய்வு வெளியானது. இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திறவுகோல் மருந்தில் இருக்கிறது. ஆனால், கதவு இருப்பது நோய் தாக்கிய மூளையில். எப்படி என்று சொல்கிறேன்.

விருதுநகர் சீமைக்காரர்களுக்குக் கண்மாய்ப் பாசனம் தெரியும். ஒரே கண்மாய், கீழே இரண்டு வயல். ஒன்று மேட்டு வயல், ஒன்று பள்ளத்து வயல். டோபமைன் பாய்கிற மூளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியின் மேற்பாகம், கை காலை இயக்குகிற வேலையைப் பார்ப்பது, மேட்டு வயல். கீழ்ப்பாகம், ஆசையையும் ஆவலையும் பார்த்துக்கொள்வது, பள்ளத்து வயல். பார்க்கின்சன் நோயில் முதலில் காய்வது மேட்டு வயல். இறந்தவர்களின் மூளையை அளந்து 1988ல் ஹார்னிகிவிச்சின் குழுவே இதை எழுதியது. பள்ளத்து வயலில் இன்னும் ஈரம் கிடக்கும். இப்போது மேட்டு வயல் நனையும் அளவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால், பள்ளத்து வயல் என்ன ஆகும்? மூழ்கும்! போதாக்குறைக்கு, அந்தப் புதுவகை மாத்திரைகள் விரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும் 'டி-3' என்ற வகைப் பூட்டுகள் பள்ளத்து வயலில்தான் அதிகம்.

2009ல் கனடாவில், சூதாட்ட வெறி வந்த பார்க்கின்சன் நோயாளிகள் ஏழு பேரையும் வராத ஏழு பேரையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, சீட்டு விளையாட விட்டுப் பார்த்தார்கள். பள்ளத்து வயலில் டோபமைன் சுரப்பு முதல் ஏழு பேருக்குக் கூடுதலாக இருந்தது. 'கெட்ட புத்தி' என்று நாம் சொல்கிற சங்கதி படமாகவே வந்துவிட்டது.

*

நளன் கதை ஞாபகம் இருக்கிறதா? உத்தமன். ஒருநாள் காலைச் சரியாகக் கழுவவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் கலி புகுந்தான் என்கிறது நளவெண்பா. ஊர் வழக்கில் சனி பிடித்தது என்போம். அப்புறம் நாடு போச்சு, நகரம் போச்சு, பெண்டாட்டியை நட்ட நடுக்காட்டில் விட்டு ஓடினான். ஆனால், நம் ஜனங்கள் இன்றைக்கும் நளனைத் திட்டுவதில்லை. அவனுக்குள் புகுந்ததைத்தான் திட்டுகிறார்கள். திருநள்ளாற்றுக்கு அவர்கள் போவது அந்த நம்பிக்கையில்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் 'புத்தி கெட்டவர்'!

கோர்ட்டுகள் கொஞ்சம் தாராளமாக இருந்தன. 2008ல் அமெரிக்காவில் ஒரு ஜூரி, மாத்திரை சாப்பிட்டுச் சூதாடி அழிந்த ஒருவருக்கு எண்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2012ல் பிரான்சில் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், இன்னொருவருக்கு ஏறத்தாழ 1,97,000 யூரோ கொடுக்கச் சொல்லி மருந்துக் கம்பெனிக்கு உத்தரவு போட்டது. அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலையும் மானமும் சேமிப்பும் போனபிறகு, தன் மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்பதை இன்டர்நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டவர். டாக்டரிடமிருந்து அல்ல, கவனியுங்கள்.

'இதெல்லாம் காஸினோ இருக்கிற ஊர்ச் சமாச்சாரம், நமக்கெதற்கு?' என்று நினைத்தால் தப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவன டாக்டர்கள் 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்து, 2013ல் வெளியிட்டார்கள். அங்கேயும் இருந்தது. நம் ஊரில் அது வேறு முகமூடியில் வரும். நள்ளிரவில் அடுக்களையில் பாத்திரத்தைத் துழாவுகிற தாத்தா, வேண்டாத சாமானை வாங்கிக் குவிக்கிற ஆச்சி... அப்புறம், வெளியே சொல்லவே கூசுகிற, கட்டிலோடு நின்றுபோகிற புகார். அறுபத்தைந்து வயது மனைவி எந்த டாக்டரிடம் போய் அதைச் சொல்வாள்? மருமகள் சொல்வாளா? யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஏழில் ஆறு பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்துப்போவது மட்டுமல்ல, குடிகாரன் குடியை விட்டால் படுகிற மாதிரி பதற்றமும் சோர்வும் வரும் என்று 2010ல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. இன்னொன்று, மாத்திரையோடு சேர்த்து பூனைக்காலிப் பொடியையும் கலந்து அடிப்பது. மூலிகைதானே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொடிக்குள் இருப்பது அதே எல்-டோபா. 1937லேயே சென்னையில் நிரூபித்துவிட்டார்கள்.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். ஒன்றரை வருஷம் ஓடியபிறகு, மதுரையில் வேறொரு டாக்டர், இளவயசுக்காரர், நாடி பிடித்து, காலை மடக்கிப் பார்த்துவிட்டு, ''புதுசா ஏதாச்சும் பழக்கம் வந்திருக்கா ஐயா?'' என்று சாதாரணமாகக் கேட்டார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா சேலைத் தலைப்பைத் திருகினார். கூடப் போன இளைய மருமகள்தான் சட்டென்று, ''மாமா லாட்டரி வாங்குறாங்க டாக்டர்'' என்று போட்டு உடைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. மாத்திரைச் சீட்டை எடுத்து ஒரு பெயரைச் சுழித்து, ''இதுதான்'' என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூன்று மாதத்தில் செங்கோட்டை ரயில் நின்றுபோனது. கைநடுக்கம் திரும்பி வந்தது. பித்தானை மறுபடி பெரியம்மா போட்டுவிட வேண்டியிருந்தது.

நான் பார்க்கப் போனபோது அவர் மெத்தைக்கு அடியில் இருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். சிவப்புக் கோடு போட்ட கணக்கு நோட்டு. தேதி வாரியாக, வாங்கிய சீட்டு எத்தனை, ரயில் செலவு, பஸ் செலவு, பரிசு என்று எல்லாம் எழுதியிருந்தது. பரிசுக் கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நூறு, ஐம்பது. பக்கத்தின் அடியில் மொத்த நஷ்டம், பைசா சுத்தமாக. ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை.

எனக்கு விளங்கவே இல்லை. ''இவ்வளவு நஷ்டம்னு எழுதிக்கிட்டே வந்தீங்களா பெரியப்பா?''

''எழுதுனேன்டா. நல்லாத் தெரிஞ்சுது. ஆனா, தெரிஞ்சது ஒறைக்கல. பக்கத்தைத் திருப்புனா மறுபடி ரயில் டயம்தான் கண்ணுக்குத் தெரியும்.'' கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ''வாங்குனதும் நான்தான். எழுதுனதும் நான்தான். இதுல எவன்டா நானு?''

நான் என்னத்தைச் சொல்ல? டாக்டர் சொன்னதையும் நான் படித்ததையும் கலந்து, கண்மாய், மேட்டு வயல், பள்ளத்து வயல் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, நடுங்குகிற கையோடு கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் எழுதினார். அந்த மொத்தத் தொகையை அப்படியே கொண்டுபோய் 'மருத்துவச் செலவு' என்ற தலைப்பில் ஏற்றியிருந்தார். எழுத்து மறுபடியும் கடுகாகச் சுருங்கியிருந்தது.

மூத்தவன் அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியம்மாதான் அடுக்களையில் இருந்தபடியே கேட்டார்:

''அப்ப என் வளையலை எந்தக் கணக்குல எழுதுவாகளாம்?''